பழம்பொறித் தீட்டு

ஜார்ஜ் டவுன் நகரத்தில் கொம்தார் கோபுரத்தை அண்டிய கடைத்தொகுதிகளிலே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் சிறிது நேரம் நின்று பார்ப்பவர்க்கு நம் சமூகத்தின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே விளங்கும். சில மாதங்களுக்கு முன் நாம் அங்ஙனம் நின்றிருந்தபோது, செபராங் பிறைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு குடும்பம் பழைய மடிக்கணினிகள் விற்கும் கடையின் வாயிலில் தயங்கி நின்றது. தந்தை, தாய், தாய்மாமன், ஆறாம் படிவத்தில் பயிலும் மகள் ஆகிய நால்வர். மகள் கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டி, "அப்பா, இதுவே போதும், விலையும் எண்ணூறு வெள்ளிதான்," என்றாள். தந்தையின் முகத்தில் சம்மதக் குறி தோன்றிற்று.

அப்பொழுது தாயார், "வேண்டாங்க. யார் கைபட்டதோ, என்ன தோஷமோ! படிக்கிற பிள்ளைக்கு முதன்முதலாக வாங்கிக் கொடுப்பது. செத்தவன் சாமானாக இருந்தால் என்ன செய்வது?" என்றார். மாமன் ஒருபடி மேலே போய், "மச்சான், பழசு வாங்கினோம் என்றால் லயத்தில் நாலு பேர் சிரிப்பார்கள்," என்றார். தந்தை நம்மை அறிந்தவராதலின், "கிராணியாரே, நீங்கள்தான் சொல்லுங்களேன்," என்று நம் பக்கம் திரும்பினார். குடும்ப விஷயத்தில் நமக்கென்ன என்று நாம் புன்னகை செய்து நழுவினோம். அவர்களும் நாலு கடை தள்ளிச் சென்று, முப்பத்தாறு மாதத் தவணைக்குக் கையெழுத்திட்டுப் புதுப் பெட்டியோடு வெளியே வந்தனர்.

அன்று நாம் வாய்மூடி நின்றது பிழை. அப்பிழையைத் தீர்த்துக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

தீட்டு என்பது நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியபோது அவர்களோடு கூடவே ஏறி வந்த சரக்கு. கப்பற்கூலி கொடாமல் வந்து சேர்ந்த சரக்கு அஃது ஒன்றேதான். 1929-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெரியார் ஈ. வெ. இராமசாமி இதே பினாங்குத் துறையில் வந்திறங்கி, மனிதனை மனிதன் தொடுவதால் கெட்டுப்போவது யாதொன்றுமில்லை என்று இந்நாட்டுத் தமிழர்க்கு எடுத்துரைத்தார். ஏறக்குறைய நூறாண்டுகள் கழிந்தன. மனிதனைத் தொட்டால் தீட்டு என்று வாய்விட்டுச் சொல்ல இன்று நாணுகின்றோம். ஆனால் அந்நோய் சாகவில்லை. மனிதனை விட்டுச் சாமானுக்குத் தாவியிருக்கின்றது. ஒருவன் தொட்ட பொறியை மற்றொருவன் பிள்ளை தொடலாகாதாம்! தொட்டால் தரித்திரம் ஒட்டிக்கொள்ளுமாம்!

இவ்வாறு சொல்லுவோரை நாம் கேட்கின்றோம். தாங்கள் ஏறிவந்த மோட்டார் வண்டிக்குத் தாங்கள் எத்தனையாவது உடைமைக்காரர்? மூன்றாமவரா, நான்காமவரா? அவ்வண்டியிலே முன்னிருந்தவர் தோஷம் ஏன் ஒட்டவில்லை? அடகுக் கடையில் மீட்கப்படாமல் ஏலத்திற்கு வந்த நகையை மலிவாகக் கிடைத்ததென்று வாங்கி மகள் கழுத்திலே பூட்டுகின்றீர்களே, எந்தக் குடும்பத்துக் கண்ணீர் அதிலே காய்ந்திருக்கின்றது என்று விசாரித்தீர்களா? சட்டைப்பையில் இருக்கும் பத்து வெள்ளித் தாள் எத்தனை ஆயிரம் கைகளைக் கடந்து வந்தது? இவையெல்லாம் போகட்டும். 1975-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் பாடநூல் இரவல் திட்டம் நடந்து வருகின்றது. சென்ற ஆண்டு ஒரு பிள்ளை படித்துத் திருப்பிக் கொடுத்த நூலையே இவ்வாண்டு மற்றொரு பிள்ளை படிக்கின்றது. அந்நூலின் ஓரத்திலே முன்னவன் கிறுக்கிய கிறுக்கல் இருக்கலாம். அவன் தரித்திரம் இருந்ததாக எவரும் கண்டதில்லை. புத்தகத்தில் ஒட்டாத தோஷம் பொறியில் மட்டும் ஒட்டுமோ?

இனி, "பிறர் கை" என்கின்றார்களே, அந்தப் பிறர் யார் என்று பார்ப்போம். பினாங்குத் துறைமுகம் 1969-ஆம் ஆண்டில் தன் சுங்கவரியற்ற உரிமையை இழந்தது. தீவெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிற்று. அப்பொழுது முதலமைச்சராக வந்த லிம் சோங் இயூ அவர்களின் ஆட்சியில் 1972-ஆம் ஆண்டில் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வலயம் திறக்கப்பட்டது. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் தன் நாட்டுக்கு வெளியே முதன்முதல் தொழிற்சாலை நிறுவியதும் அவ்வாண்டிலே, அவ்விடத்திலேதான். அதுமுதல் ஐம்பதாண்டுகளுக்கும் மேலாக, கணினியின் மூளையாகிய சில்லுகள் இத்தீவிலே கோக்கப்பட்டும் சோதிக்கப்பட்டும் உலகெங்கும் செல்லுகின்றன. மலாய்ப் பெண்களோடும் சீனப் பெண்களோடும் நம் பெண்களும் இரவு முறை, பகல் முறை என்று உழைத்து, உருப்பெருக்கியில் கண்ணை வைத்துக் கண்ணொளியைத் தேய்த்து அவ்வேலையைச் செய்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பலவற்றுக்குக் கஞ்சி வார்த்தது அச்சம்பளமே. கரைக்கு அக்கரையில் பத்து காவான் தோட்டமாக இருந்தது. இன்று அங்கே தொழிற்பேட்டை நிற்கின்றது. 2014-ஆம் ஆண்டு திறந்த இரண்டாம் பாலம் அதனையும் தீவையும் பிணைக்கின்றது.

ஆகவே சகோதரர்களே, "யார் கைபட்டதோ" என்று நீங்கள் ஒதுக்கும் பொறியை உடைத்துப் பார்த்தால், அதனுள்ளே முதலில் பட்ட கை உங்கள் அத்தை கையாகவும் இருக்கலாம், தங்கை கையாகவும் இருக்கலாம். உலகத்தார் பிள்ளைகளெல்லாம் படிக்கும்படி பொறியைச் செய்து கொடுத்த கை நம்முடையது. அப்பொறியில்லாத வீடும் நம்முடையது. இதனினும் கொடிய வேடிக்கை வேறொன்று உண்டோ?

"நாங்கள் ஏழைகளல்லேம், புதிதே வாங்குவோம், இதில் உமக்கென்ன நஷ்டம்?" என்று சிலர் சினக்கலாம். கணக்குப் பார்ப்பது கிராணியின் தொழில்; ஆதலின் கணக்கையே முன்வைக்கின்றோம். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. எடுத்துக்காட்டாக, ரொக்கத்திற்கு 2,800 வெள்ளி விலையுள்ள புதுப்பொறி ஒன்றை மாதம் 115 வெள்ளியாக முப்பத்தாறு மாதம் கட்டுவதென்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 4,140 வெள்ளி. பொறிக்கு மேல் 1,340 வெள்ளி வெறுங்காற்றுக்குக் கொடுத்ததாகும். மற்றொரு பக்கம், நல்ல பழம்பொறி 800 வெள்ளி. அதனுள் புதிய சேமிப்பு வட்டும் சிறிது கூடுதல் நினைவகமும் போட 150 வெள்ளி. தனி விசைப்பலகையும் சுட்டெலியும் 60 வெள்ளி. ஆக 1,010 வெள்ளி. மிச்சம் 3,130 வெள்ளி. அப்பணம் பிள்ளையின் விடுதிக் கட்டணத்திற்கு ஆகாதா? மூத்தவர் மருந்துக்கு ஆகாதா? அடுத்த தீபாவளிக்கு வட்டி முதலையின் வாயில் விழாமலிருக்கவாவது ஆகாதா?

இன்னொன்றும் சொல்லுவோம். முப்பத்தாறாவது தவணையைக் கட்டுகின்ற நாளில் உங்கள் கையிலிருப்பதும் பழம்பொறியே. பழம்பொறியை 800 வெள்ளிக்கு வாங்குவது தரித்திரம் என்றவர், அதே பழம்பொறியை 4,140 வெள்ளிக்கு வாங்கியிருக்கின்றார், வித்தியாசம் அவ்வளவே.

"பழம்பொறி வாங்கி ஏமாந்தவர்கள் இல்லையா?" என்று கேட்பார் உண்டு. உண்டு, அவர்களுள் நாமும் ஒருவர். ஏழாண்டுகளுக்கு முன் நகரத்துக் கடையொன்றில் வெளியழகைக் கண்டு மயங்கி ஒரு மடிக்கணினி வாங்கினோம். "ஐ7 ஐயா, ராஜா மாதிரி ஓடும்," என்று கடைக்காரர் சொன்னதை வேதவாக்காகக் கொண்டோம். மூன்றாம் மாதத்தில் பேட்டரி பலாப்பழம்போல் உப்பி அடித்தட்டையே பிளந்துவிட்டது. இத்தனைக்கும் நாம் ஆங்கிலப் பள்ளியிலே பயின்றவர். பெட்டியின்மேல் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தவர். படித்தோமே தவிரச் சோதிக்கவில்லை. புதியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் மூடத்தனம். பழையது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதும் மூடத்தனம். பழையதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதும் அதே மூடத்தனந்தான். பகுத்தறிவு என்பது கண்ணைத் திறந்து பார்ப்பது. ஆதலின் எவற்றைப் பார்க்கவேண்டும் என்று இங்கே சொல்லுகின்றோம்.

முதலாவது, பட்டத்தைக் கேளாதீர், தலைமுறையைக் கேளும். ஐ3, ஐ5, ஐ7 என்பன சாதிப்பெயர் போன்றவை. பிறந்த காலத்தை அவை சொல்லா. அப்பெயரை அடுத்து வரும் எண்ணின் முதல் இலக்கமே தலைமுறையைக் காட்டும். ஐந்திலக்க எண்ணாயின், அல்லது 1135ஜி7 என்பதுபோல் 10, 11 முதலிய எண்களில் தொடங்குமாயின், முதல் இரண்டு இலக்கங்களைக் கொள்க. ஐ7-3520எம் என்பது மூன்றாம் தலைமுறை, இரண்டு கருக்கள் உடையது. ஐ5-8250யூ என்பது எட்டாம் தலைமுறை, நான்கு கருக்கள் உடையது. பட்டத்தில் தாழ்ந்த இரண்டாவதே வேலையில் உயர்ந்தது. மனிதரிடத்தும் இவ்வாறே என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்க்குக் கொடுத்துச் சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழிக்கும் பொறிகளை நாடுக. திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் என்னும் வரிசைகள் அலுவலக உழைப்புக்கென்றே கட்டப்பட்டவை. பெரும்பாலானவற்றில் நினைவகமும் வட்டும் மாற்றத்தக்கவை. உதிரிப் பாகங்களும் கிடைக்கும். பளபளப்பான வீட்டுப் பொறியைவிட இவை முதுமையைத் தாங்கும்.

மூன்றாவது, கடையிலேயே அரைமணி நேரம் உட்கார்ந்து சோதிக்க. வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்துக. திரையை வெண்மையாக்கிக் கரும்புள்ளி உண்டா என்று பார்க்க. கீல்களைத் திறந்து மூடுக. பேட்டரி பிறந்தபோது கொண்ட கொள்ளளவையும் இன்று கொள்ளும் அளவையும் பொறியே அறிக்கையாகத் தரும். கடைக்காரரிடம் அதனைக் காட்டச் சொல்லுக. பாதிக்குமேல் குறைந்திருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுக. உப்பிய பேட்டரியானால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர், அது தீப்பற்றக்கூடியது. தீட்டு என்று ஒன்று உண்டானால் இதற்கு மட்டும் சொல்லுக.

நான்காவது, களவுப் பொருளோ என்று ஐயுறுக. தொடங்கும்போதே அறியாத கடவுச்சொல்லைக் கேட்பதும், இணையத்தில் இணைத்தவுடன் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டிப் பூட்டிக்கொள்வதும் தீக்குறிகள். களவென்று தெரிந்தும் வாங்குவது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 411-ஆம் பிரிவின்படி குற்றமாகும். வரிசை எண் எழுதிய ரசீது இன்றிக் கடையை விட்டு நகராதீர்.

ரசீது வேண்டுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும் என்று 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் விதிக்கின்றது. வழக்கறிஞர் இன்றி, ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், 50,000 வெள்ளி வரைக்கும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். நாம் ஏமாந்தபோது முறையிட்டோமா? இல்லை. "போனது போகட்டும், விதி," என்றோம். விதியின்மேல் பழி போட்டால் கடைக்காரர்க்குத்தானே இலாபம்?

இப்பொழுது பழம்பொறிகள் மலிந்திருப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அடுத்துவந்த விண்டோஸ் 11, சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் பொறிகளை ஏற்பதில்லை. ஆகவே கையும் காலும் நன்றாயிருக்கும் பொறிகள் பல கழிக்கப்படுகின்றன. விண்டோஸே வேண்டுவோர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகற்க. அதனினும் பழையதே கைக்கு எட்டுமாயின், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை விலையின்றிப் போட்டுக்கொள்ளலாம். 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியதும், பின்னர் உலகத்துப் பல்லாயிரவர் கூடி வளர்த்ததுமான பொதுச்சொத்து அது. ஒருவன் செய்ததை மற்றொருவன் தொட்டுத் திருத்த, அதனை மூன்றாமவன் வாங்கி மேலும் திருத்தினான். கைபடக் கைபட மெருகேறிய பொருளுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? கட்டுரை எழுதவும், கணக்குப் போடவும், பாடங் கேட்கவும் அது தாராளமாகப் போதும்.

"பொறிக்கு ஆங்கிலந்தானே தெரியும், எங்களுக்கு அஃது எதற்கு?" என்பது தாய்மார் பலரின் வாய்மொழி. இஃது அறியாமையால் வந்தது. அறியாமைக்குக் காரணம் அவர்களல்லர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்த ஆர். முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கித் தந்தவர். இந்நாட்டவரான முத்து நெடுமாறன் அவர்கள் 1980-களிலிருந்தே கணினியில் தமிழை ஏற்றப் பாடுபட்டு 'முரசு அஞ்சல்' செயலியை அளித்தவர். கைப்பேசிக்குரிய 'செல்லினம்' 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கின்றது. தனியாக ஒரு காசும் வேண்டா. 1816-ஆம் ஆண்டிலே இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பைக் கண்ட ஊர் பினாங்கு. அவ்வூர்த் தமிழ்த்தாய் ஒருத்தி, தன் அண்ணனுக்கு ஒரு கடிதத்தைத் தமிழிலே தட்டி அனுப்பத் தடையாயிருப்பது பொறியன்று. சொல்லிக்கொடாத நம் சோம்பலே.

இங்கேதான் நம் வகுப்பாரைப் பற்றி மறைக்காமல் பேசவேண்டியிருக்கின்றது. தோட்டத்துக் கிராணிகளாகிய நாம் யார்? துரையின் ஆங்கிலத்திற்கும் தொழிலாளியின் தமிழுக்கும் நடுவே நின்றவர்கள். ஒரு காலத்தில் ஊருக்குக் கடிதம் எழுதவும், பிறப்புச் சான்றிதழ் கேட்கவும், சேமநிதிப் பாரம் நிரப்பவும் தொழிலாளர் நம் அலுவலகத்து முன்வாசலிலே தலைப்பாகையைக் கழற்றிக் காத்து நின்றார்கள். மந்திரம் தெரிந்தவன் ஐயர் என்பதுபோல், பாரம் தெரிந்தவன் கிராணி. புரோகிதத்தை எதிர்த்துப் பேசும் நம்மில் எத்தனை பேர் இந்தப் பாரப் புரோகிதத்தை எதிர்த்தோம்?

பாரங்கள் இன்று தாளை விட்டு இணையத்திற்குப் போய்விட்டன. அரசாங்க உதவித்தொகைக்கும், மெட்ரிகுலேஷன் வகுப்புக்கும், பல்கலைக்கழக இடத்திற்கும் இணைய வழியே விண்ணப்பம். காலக்கெடு நள்ளிரவிலே முடியும். கிராணி அலுவலகமோ மாலையிலே மூடும். அக்கடைத்தெருவில் கண்ட தந்தையார் சென்ற மாதம் நம் முன்வாசலில் வந்து நின்றார். மகளின் விண்ணப்பத்தை நிரப்பித் தரவேண்டுமாம். "வீட்டிலே புதுப்பொறி இருக்கின்றதே?" என்றோம். அப்பொழுதுதான் அவர் சொன்னார். பஞ்சாங்கம் பார்த்து, இராகுகாலம் கழித்துத் திறந்தார்களாம். மூடியில் சந்தனப் பொட்டு. படங்களுக்குக் கீழே அலமாரியில் பட்டுத் துணி சுற்றி வைத்திருக்கின்றார்களாம். தவணை முடியுமுன் கெட்டுவிட்டால் என்ன செய்வதென்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் மகள் எடுப்பாளாம். "அதிலே தப்பாக எதையாவது அழுத்திவிட்டால்? ஆகையால்தான் ஐயாவிடம் வந்தேன்," என்றார்.

அம்மகள் பின்னால் நின்றாள். நாம் தட்டத் தட்ட அவள் கண் திரையிலேயே இருந்தது. ஓரிடத்தில் நாம் தவறான பாடப்பிரிவை அழுத்தப் போனபோது, "அண்ணா, அதுவல்ல," என்று மெல்லச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்திருந்தது, நமக்குத் தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்கார வைத்தோம். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

தோழர்களே, வீட்டில் பொறி வாங்குவதன் பயன் என்ன? மற்றொருவன் முன்வாசலில் நிற்காமலிருப்பதே அதன் முதற்பயன். அப்பயன் பொறி புதிதா பழையதா என்பதில் இல்லை. எடுத்துப் பழகுவதில் இருக்கின்றது. 4,140 வெள்ளிப் பொறியைத் தொட அஞ்சுகின்றோம். 800 வெள்ளிப் பொறியைத் தொட அஞ்சமாட்டோம். விலை மிகுதியே விலங்காகிவிடுகின்றது. பழம்பொறியின் பெரிய குணம் அதன் மலிவன்று. அச்சமின்றித் தொடலாம் என்பதே.

அப்பொறியை வீட்டில் எங்கே வைப்பது? படங்களுக்குக் கீழே அன்று. பூட்டிய அறையிலும் அன்று. கூடத்தில், எல்லோரும் கடந்துபோகும் இடத்தில், ஒரு மேசைமேல் வைக்க. திரை கண்மட்டத்திற்கு வருமாறு நாலு பழைய புத்தகங்களை அடியில் அடுக்கி, தனி விசைப்பலகையை முழங்கை மட்டத்தில் வைத்தால் கழுத்து நோகாது. நம் நாடு இடி மின்னல் மிகுந்தது. மின்னழுத்தக் காப்புள்ள செருகுபலகை ஒன்று வாங்குக. மழை இடித்தால் செருகியைக் கழற்றுக. பழைய வட்டை நம்பற்க. முக்கியமான சான்றிதழ்களையும் பாடங்களையும் புறவட்டொன்றில் வாரமொருமுறை படியெடுத்து வைக்க. தோட்டத்தில் கம்பி இணையம் இல்லையேல் கைப்பேசியின் இணைப்பே விண்ணப்பத்திற்குப் போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, மகனுக்கு முதல் முறை, மகளுக்கு மிச்ச நேரம் என்னும் வழக்கத்தை மேசையருகே அண்டவிடாதீர். நேரப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுக. அதிலே தாய்க்கும் ஒரு மணி நேரம் எழுதுக.

கூட்டாகச் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகளை நாம் அறிவோம். பின்னர் அரசாங்கமும் நிறுவனங்களும் கொடுத்தவை கொஞ்சம் வந்தன, எல்லார்க்கும் வரவில்லை. கொடுப்பவர் வருவார் என்று காத்திருப்பதும் முன்வாசலில் நிற்பதே. தைப்பூசத் திருவிழாவில் இரதத்தின் முன்னே தெருவெங்கும் சிதறும் தேங்காய்களைப் பாருங்கள். அவ்வீணைக் குறைக்கும்படி பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் ஆண்டுதோறும் கேட்டு வந்திருக்கின்றது. அச்சங்கத்தை நெடுங்காலம் நடத்தி 2019-ஆம் ஆண்டில் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்கள், தேவைக்கு மேல் வாங்காதே என்பதையே வாழ்நாளெல்லாம் சொன்னவர். உடையும் தேங்காய்களில் பாதியை நிறுத்தி, அப்பணத்தில் பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளை அண்டிய வீடுகளுக்குச் சோதித்த பழம்பொறிகளை வாங்கிக் கொடுத்தால் முருகன் கோபித்துக்கொள்வானோ? கோபிப்பவன் முருகனா, தேங்காய் வியாபாரியா என்பதை வாசகரே சொல்லட்டும்.

கிராணிமார்களுக்கும், நகரத்து ஆபீசில் இருப்போருக்கும், தொழிற்சாலைப் பொறியாளருக்கும் நம் விண்ணப்பம் ஒன்றுண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு, பொறி வாங்கப் போகும் ஒரு குடும்பத்தோடு கூடப் போங்கள். தலைமுறையைப் படித்துக் காட்டுங்கள், பேட்டரி அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், ரசீதைச் சரிபாருங்கள். "நமக்கென்ன" என்று புன்னகை செய்து நழுவாதீர்கள். நாம் நழுவிய அன்று அக்குடும்பத்திற்கு ஆன நஷ்டத்தை மேலே கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றோம்.

அப்பெண்ணின் வீட்டில் பட்டுத் துணி இன்னும் நீங்கவில்லை. இருபத்தொன்பது தவணைகள் பாக்கி. ஆனால் சென்ற வாரம் நம் வீட்டிலிருந்த பழைய பொறியொன்றைத் துடைத்து, புது வட்டு போட்டு, அவளிடம் கொடுத்தனுப்பினோம். தாயார் முதலில் வாங்க மறுத்தாராம். "இது யாருடையது?" என்று கேட்டாராம். "கிராணியாருடையது" என்றதும், "அப்படியானால் பரவாயில்லை" என்றாராம்.

தொழிலாளி கைபட்டால் தோஷம்; கிராணி கைபட்டால் பரவாயில்லை! தீட்டு எங்கே இருக்கின்றது என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல முடியும்? நம் மக்கள் சிந்திப்பார்களாக.